பிறர் வழியாகத் தன்னை அறிதல்

ஒருவன் முதலில் தன்னை அறிந்து, அந்த அறிவைக் கொண்டு பிறரும் தன்னைப் போன்றவர்களே என்று ஊகித்துக்கொள்கிறானா, அன்றிப் பிறரோடு பழகிப் பழகி, அப்பழக்கத்தின் பயனாகவே தான் என ஒருவன் உண்டு என்பதை உணரத் தலைப்படுகிறானா என்ற வினா, மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவருக்குப் பண்டிதர்களின் பொழுதுபோக்குத் தர்க்கமாகவே தோன்றக்கூடும். 1637-இல் பிரெஞ்சுத் தத்துவஞானி டெக்கார்ட், அனைத்தையும் சந்தேகித்துத் தள்ளிய பின்னும் சந்தேகிக்கின்ற தான் ஒருவன் எஞ்சி நிற்பதை மறுக்கவொண்ணாது என்று கண்டு, அதனையே தம் சித்தாந்தத்துக்கு அஸ்திவாரமாக இட்டதிலிருந்து, ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக் காலம் ஐரோப்பியச் சிந்தனையில் முதல் விடையே செல்வாக்குப் பெற்றிருந்தது. ஹெகல் போன்றார் மாற்றுக் குரல் எழுப்பாமலில்லை. ஆயினும் அக்குரல் தத்துவ நூல்களுக்குள்ளேயே ஒலித்ததேயன்றி, தொட்டிலில் கிடக்கும் குழந்தையைக் கூர்ந்து பார்த்துச் சரியா தவறா என்று சொல்லத்தக்க ஒரு கருதுகோளாக இறங்கி வரவில்லை. அது இறங்கி வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்காவில்.

ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸ், பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்து 1890-இல் இரண்டு பெருந்தொகுதிகளாக வெளியிட்ட தம் உளவியல் நூலில், அறிகின்ற தான் வேறு, அறியப்படுகின்ற தான் வேறு என்று பிரித்து, பின்னதனுள் உடல், உடை, குடும்பம், வீடு, சொத்து ஆகியவற்றால் அமைந்ததை ஒன்றாகவும், பிறர் நம்மை மதிக்கும் மதிப்பால் அமைந்ததை இன்னொன்றாகவும், நம் எண்ணங்களும் இயல்புகளும் சேர்ந்து அமைந்ததை மூன்றாவதாகவும் வகுத்தார். நம்மை அறிந்தவர் எத்தனை பேரோ அத்தனை சமூகத் தான்கள் நமக்குண்டு என்பது அவர் கருத்து. ஒருவனது தன்மதிப்பு, அவன் அடைந்த வெற்றியை அவன் கொண்ட ஆசையால் வகுத்துக் கிடைக்கும் ஈவு என்று அவர் கணக்குப் போலச் சொன்னது பலருக்கும் தெரியும். அதைவிட நுட்பமானது, அதற்குத் தம்மையே அவர் உதாரணம் காட்டியது. உளவியலில் தம்மைக்காட்டிலும் வல்லவர் ஒருவர் இருப்பாராயின் தமக்கு மானக்கேடாயிருக்குமென்றும், கிரேக்க மொழியில் தாம் முழு மூடராயிருப்பது பற்றித் தமக்கு எள்ளளவும் வெட்கமில்லையென்றும் அவர் ஒப்புக்கொண்டார். எல்லாத் தோல்வியும் நம்மைச் சுடுவதில்லை. எதில் நம்மைப் பணயம் வைத்தோமோ அதிலேற்படும் தோல்விதான் சுடுகிறது. இந்தக் குறிப்பின் பெறுமதி பின்னால் விளங்கும்.

ஜேம்ஸ் தூவிய வித்தை வளர்த்தவர், மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பரில் 1864-இல் பிறந்து, பெரும்பகுதி வாழ்நாளை அவ்வூரிலேயே கழித்த சார்லஸ் ஹார்ட்டன் கூலி என்பவர். மாநில உச்சநீதிமன்றத்தில் புகழோடு விளங்கிய நீதிபதியின் மகனாகப் பிறந்தும், இளமையில் நோயாளியாகவும் கூச்சமுடையவராகவும் வளர்ந்த இவர், பொறியியல் பயின்று, மத்திய அரசில் புள்ளிவிவரப் பணி பார்த்து, போக்குவரத்தைப் பற்றி ஆய்வேடு எழுதிய பின்னரே சமூகவியலுக்கு வந்தவர். பிறர் தம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்ற கவலை கூச்சமுடையவரை ஒரு கணமும் விடுவதில்லை. அந்தக் கவலையே ஒரு சாஸ்திரமாக மலர்ந்ததென்று சொன்னால் அது கூலிக்கு இழுக்காகாது என்றே நினைக்கிறேன். 1902-இல் வெளிவந்த 'மனித இயற்கையும் சமூக ஒழுங்கும்' என்ற நூலில் அவர் சொன்னது இது: நாம் பிறருக்கு எப்படித் தோற்றமளிக்கிறோம் என்று கற்பனை செய்கிறோம், அத்தோற்றத்தை அவர்கள் எப்படி மதிப்பிடுவார்கள் என்று கற்பனை செய்கிறோம், அம்மதிப்பீட்டை எண்ணிப் பெருமையோ நாணமோ கொள்கிறோம். இம்மூன்றும் சேர்ந்ததே தன்னுணர்வு. ஆகவே தான் என்பது பிறராகிய கண்ணாடியில் தெரியும் பிம்பம்.

இதற்கு அவர் ஆதாரம் தேடியது எந்தச் சோதனைச்சாலையிலுமன்று, தம் வீட்டுக்கூடத்தில். தம் பிள்ளைகள் பேசக் கற்றுக்கொண்ட விதத்தை நாள்தோறும் குறித்து வைத்திருந்த அவர், 'நான்' என்னும் சொல்லைக் குழந்தை கற்பதிலுள்ள விசித்திரத்தைக் கண்டார். பால், பந்து, பூனை என்பனவற்றைச் சுட்டிக்காட்டிச் சொல்லிக்கொடுக்கலாம். 'நான்' என்று தகப்பன் சொன்னால் அது தகப்பனைக் குறிக்கிறது, தாய் சொன்னால் தாயைக் குறிக்கிறது. கேட்டதைக் கேட்டபடியே திருப்பிச் சொல்லும் குழந்தை அச்சொல்லை ஒருநாளும் சரியாகக் கற்க முடியாது. ஒவ்வொருவரும் தத்தமக்குள் உணர்வதொன்று உண்டு, அதைத்தான் அச்சொல்லால் வெளியிடுகிறார்கள், அத்தகையது எனக்குள்ளும் உண்டு என்று, பிறருடைய நிலையில் தன்னை வைத்துப் பார்த்த பிள்ளைக்கே அது வசப்படும். அப்படி வசப்படும்போதும் அது சாந்தமான தியான நிலையில் எழுவதில்லை. ஒரு பொம்மையை அண்ணன் ஒரு பக்கமும் தங்கை ஒரு பக்கமும் பிடித்திழுக்கும்போது எழும் 'என்னுது' என்ற கூச்சலில்தான் முதன்முதல் கேட்கிறது என்று கூலி எழுதினார். டெக்கார்ட்டின் தான், கணப்பருகே தனித்தமர்ந்து சிந்தித்தபோது பிறந்தது. கூலியின் தான், பொம்மைச் சண்டையில் பிறந்தது. எது உண்மைக்கு அணித்தானதென்று பிள்ளை வளர்த்தவர் எவரையும் கேட்கலாம்.

கூலிக்கு மிச்சிகனிலேயே சிலகாலம் உடனிருந்த ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட், அவருடைய கருத்தை ஏற்று அதிலேயே ஒரு குறையையும் கண்டார். 1894 முதல் 1931-இல் இறக்கும்வரை சிகாகோவில் போதித்த இவர், தம் ஆயுளில் ஒரு நூலும் வெளியிட்டவரல்லர். இன்று அவர் பெயரால் நிலவும் 'மனம், தான், சமூகம்' என்ற நூல், அவருடைய வகுப்புரைகளை மாணவரும் சுருக்கெழுத்தாளரும் குறித்து வைத்ததிலிருந்து சார்லஸ் மாரிஸ் தொகுத்து 1934-இல் அச்சிட்டது. தான் என்பது கலந்துரையாடலில் உருவாகிறது என்று வாதித்தவரின் சித்தாந்தமே பிறர் கேட்டெழுதிய குறிப்பாக நமக்கு வந்து சேர்ந்திருப்பது பொருத்தந்தான். கூலியின் கண்ணாடி முழுவதும் மனத்துக்குள்ளேயே தொங்குகிறது, பிறர் என்பவர் கற்பனையளவிலேயே நின்றுவிடுகிறார் என்பது மீடின் ஆட்சேபணை. தானும் பிறரும் கற்பனையாவதற்கு முன், இருவர் எதிரெதிர் நின்று ஒருவர் செயலுக்கு மற்றவர் எதிர்ச்செயல் புரியும் உலகியல் நிகழ்ச்சி இருந்தாக வேண்டும். சண்டையிடும் இரண்டு நாய்களில் ஒன்று பல்லைக் காட்டினால் மற்றது பின்வாங்குகிறது. அதற்கேற்ப முதல் நாய் தன் நிலையை மாற்றுகிறது. இதுவும் ஒருவகை உரையாடல்தான். ஆயினும் தன் பல் மற்ற நாய்க்கு என்ன பொருள் தருகிறதென்று முதல் நாய் அறியாது. மனிதனோ குரலால் பேசுகிறான். தன் முகத்தைத் தான் பார்க்க முடியாது. தன் குரலைத் தான் கேட்க முடியும். 'போ' என்று பிறனை அதட்டும்போது அந்த அதட்டல் தன் காதிலும் விழுந்து, கேட்பவன் மனத்தில் எழும் மறுமொழியின் சாயல் தன் மனத்திலும் எழுகிறது. பேசுகிறவனே கேட்கிறவனாகவும் ஆகிவிடும் இந்த இரட்டை நிலையில்தான், தன்னைத் தானே ஒரு பொருளாக நோக்கும் ஆற்றலின் மூலத்தை மீட் கண்டார்.

அது வளரும் முறையைக் குழந்தைகளின் விளையாட்டைக் கொண்டு அவர் விளக்கியது அவருடைய சித்தாந்தத்தில் மிகச் சிறந்த பகுதி. சிறு பிள்ளை தனியே உட்கார்ந்து, டீச்சராக இருந்து சுவரை அதட்டுகிறது. உடனே மாணவனாகி அழுகிறது. கடைக்காரனாகித் தராசைப் பிடித்து, வாங்குபவனாகிப் பேரம் பேசுகிறது. ஒவ்வொன்றாக வேடம் மாறி, ஒவ்வொரு வேடத்திலிருந்தும் தன்னைப் பார்க்கப் பழகுகிறது. வேடங்களுக்குள் ஒழுங்கு ஒன்றுமில்லை. தோன்றியபோது தொடங்கித் தோன்றியபோது முடியும். இரண்டாம் நிலை, விதியோடு கூடிய கூட்டாட்டம். மீட் தம் நாட்டு பேஸ்பாலை எடுத்துக்கொண்டார். நாம் கிரிக்கெட்டை எடுத்துக்கொண்டாலும் நியாயம் ஒன்றே. பந்தைப் பிடித்த பையன் எந்த முனைக்கு எறிவதென்று தீர்மானிக்க, ஓடுகிறவர் இருவர், விக்கெட்டைக் காப்பவன், அவனுக்குப் பின்னால் தடுக்க நிற்பவன் ஆகிய எல்லோரும் அக்கணத்தில் என்ன செய்வார்கள் என்பதை ஒருசேர மனத்தில் வைத்திருந்தாக வேண்டும். இப்போது அவன் முன் நிற்பது தனித்தனி ஆளன்று, ஆட்டம் முழுவதன் நோக்கு. இதைப் 'பொதுமைப்பட்ட பிறர்' என்று மீட் அழைத்தார். ஊரும் சட்டமும் மனச்சாட்சியும் நம்முள் வந்து குடியேறும் வழி இதுதான் என்பது அவர் துணிபு. ஆனால் இவ்வாறு குடியேறியது 'என்னை' என்னும் பகுதி மட்டுமே. அதற்கு மறுமொழி சொல்லும் 'நான்' என்னும் பகுதி ஒன்று எப்போதும் உண்டென்றும், அது என்ன செய்யும் என்பது செய்து முடித்த பிறகே நமக்கும் தெரியவருகிறது என்றும் அவர் சொன்னதை, மீடைச் சமூக நிர்ணயவாதி என்று ஒதுக்குவோர் படிக்காமலே விட்டுவிடுகின்றனர்.

ஏறக்குறைய அதே காலத்தில், மீடின் தாக்கமின்றி, மாஸ்கோவில் லெவ் விகாட்ஸ்கி இதே முடிவை நோக்கி வேறு பாதையில் வந்துகொண்டிருந்தார். எட்டாத பொருளை எட்டிப் பிடிக்கக் குழந்தை கையை நீட்டுகிறது. கை எட்டவில்லை, விரல்கள் காற்றில் நிற்கின்றன. அதைக் கண்ட தாய் பொருளை எடுத்துத் தருகிறாள். குழந்தைக்குத் தோற்றுப்போன ஒரு பிடி. தாய்க்கோ அது சுட்டுதல். மெல்ல மெல்லக் குழந்தையும் தன் அசைவைத் தாய் கொண்ட பொருளிலேயே கொள்ளத் தொடங்கி, பொருளை நோக்கி நீட்டிய கையை மனிதரை நோக்கி நீட்டுகிறது. தன் செயலின் பொருளைக் குழந்தை கடைசியாகவே அறிகிறது. சுற்றியிருப்பவர் முதலில் அறிகின்றனர். ஆட்களுக்கிடையே நிகழ்ந்தது ஆளுக்குள் நிகழ்வதாக மாறுவதே வளர்ச்சி என்ற விகாட்ஸ்கியின் கொள்கைக்கு இதைவிடச் சுருக்கமான திருஷ்டாந்தம் கிடைப்பதரிது. முப்பத்தேழே வயதில், 1934-இல், காசநோய் அவரைக் கொண்டுபோயிற்று.

இவையெல்லாம் அழகான விளக்கங்களே. பிறரே இல்லாதபோது என்ன நேரும் என்று காட்டாதவரை விளக்கங்களாகவே நிற்பவை. அத்தகைய பரிசோதனையைச் செய்ய எந்த நாகரிக சமூகமும் அனுமதிக்காது. ஆனால் குடும்பத்தின் கொடுமை சில வேளை அதைச் செய்து முடித்துவிடுகிறது. பிற்காலத்தில் இந்திய மக்கள்தொகையை ஆராய்ந்து நூலெழுதிய கிங்ஸ்லி டேவிஸ், 1940-இலும் 1947-இலும் வெளியிட்ட இரண்டு கட்டுரைகளில் அத்தகைய இரண்டு சிறுமியரைப் பற்றி எழுதினார். அன்னா என்று அவர் புனைபெயரிட்ட சிறுமி, திருமணமாகாத தாய்க்குப் பிறந்த காரணத்தால் பாட்டனார் முகத்தில் விழிக்கலாகாதென்று மாடியறை ஒன்றில் ஒளித்து வைக்கப்பட்டு, பெரும்பாலும் பாலை மட்டுமே உண்டு, ஏறத்தாழ ஆறு வயதில் 1938-இல் பென்சில்வேனியாவில் கண்டெடுக்கப்பட்டவள். நடக்கவோ பேசவோ அறிவுக்குரிய செயல் எதுவும் புரியவோ அவளால் இயலவில்லை. மீட்கப்பட்ட பிறகு மணி கோக்கவும், கட்டைகளை அடுக்கவும், சொன்னதைக் கேட்டு நடக்கவும், ஒரு பொம்மையை நேசிக்கவும் கற்று, பேச்சில் இரண்டு வயதுக் குழந்தையின் படியை எட்டிய நிலையில் 1942-இல் இறந்துபோனாள்.

அதே 1938-இல் ஒஹையோவில் கண்டெடுக்கப்பட்ட இசபெல் கதை தொடக்கத்தில் இதைப் போன்றதே. அவளும் அதே வயதினள், அவளும் அதே காரணத்தால் ஒளிக்கப்பட்டவள். கரகரத்த ஒலியைத் தவிர அவள் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. மனவளர்ச்சியற்றவள் என்றே பரிசோதித்தவர்கள் முதலில் கருதினர். ஆனால் முறையாகக் கற்பிக்கத் தொடங்கிய பின் இரண்டு மாதங்களுக்குச் சற்று மேல் சென்றபோது அவள் வாக்கியம் அமைத்தாள். ஒன்றரை ஆண்டுக்குள் ஆயிரத்தைந்நூறு முதல் இரண்டாயிரம் சொற்கள் அவள் வசமாயின. எட்டரை வயதில், பிற குழந்தைகள் ஆறாண்டில் கடக்கும் தூரத்தை இரண்டாண்டில் கடந்து, தன் வயதினரோடு பள்ளியில் உட்கார்ந்தாள். என்ன வேற்றுமை? அன்னா பிறவியிலேயே குறைபாடுடையவளாக இருந்திருக்கலாம் என்ற சந்தேகத்தை டேவிஸ் நேர்மையோடு முன்வைக்கிறார். இசபெலுக்குக் கிட்டிய தேர்ந்த பயிற்சி அன்னாவுக்குக் கிட்டவில்லை என்பதையும் சொல்கிறார். ஆனால் இன்னொன்றும் உண்டு. இசபெலோடு அந்த இருட்டறையில் அவள் தாயும் அடைபட்டிருந்தாள். அந்தத் தாய் செவிட்டூமை. ஒரு சொல்லும் அவளால் கற்பிக்க முடியவில்லை. சைகையால் மட்டும் இருவரும் ஆறரை ஆண்டு உறவாடினர். அந்தச் சைகைகளில் மீட் சொன்ன உரையாடலும், விகாட்ஸ்கி சொன்ன நீட்டிய கையும் இருந்தன. மொழி பிற்பாடு வந்து அமர ஆசனம் ஒன்று அங்கே போடப்பட்டிருந்தது என்று நான் கருதுகிறேன். இரண்டே சிறுமியரை வைத்து ஒரு விதியை நாட்டலாகாது என்பது உண்மைதான். எனினும் 1945-இல் ரெனே ஸ்பிட்ஸ், தாய்மார் உடனிருந்து வளர்த்த சிறைச்சாலைக் குழந்தைகளையும், சுத்தத்துக்கும் உணவுக்கும் குறைவின்றிக் கொஞ்சுவாரின்றி வளர்ந்த அநாதை விடுதிக் குழந்தைகளையும் ஒப்பிட்டு, பின்னவருள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் இரண்டாண்டில் மாண்டதை எழுதியபோது, மேற்கத்திய நாடுகளின் விடுதிகள் தம் நடைமுறையையே மாற்றிக்கொள்ள நேர்ந்தது.

மனிதக் குழந்தையிடம் செய்யவொண்ணாத சோதனையைக் கார்டன் காலப் என்பவர் குரங்கினத்திடம் செய்தார். சிம்பன்ஸிகளுக்குப் பல நாள் நிலைக்கண்ணாடியைப் பழக்கி, மயக்க மருந்து கொடுத்து, அவை உறங்கும்போது புருவத்திலும் காதிலும் சிவப்புச் சாயம் பூசி விட்டார். விழித்தெழுந்து கண்ணாடி பார்த்த அவை, பிம்பத்தைத் தொடாமல் தம் புருவத்தையே தொட்டுப் பார்த்தன. 1970-இல் வெளியான இந்த முடிவு எங்கும் பேசப்பட்டது. அடுத்து வந்த முடிவு அத்தனை பேசப்படவில்லை. பிறந்தது முதல் தனியே அடைத்து வளர்க்கப்பட்ட சிம்பன்ஸிகள், எவ்வளவு நாள் கண்ணாடி முன் இருந்தும், பிம்பத்தில் தம்மை இனங்காணவில்லை. எண்ணிக்கையில் இவை மிகச் சில என்றாலும், கண்ணாடி இருந்தால் போதாது, அதற்கு முன் இன்னொரு சிம்பன்ஸி இருந்திருக்க வேண்டும் என்ற இம்முடிவை, 1929-இலேயே மறைந்துவிட்ட கூலி கண்டிருந்தால் மிகவும் ரசித்திருப்பார்.

இந்த இடத்தில், சமூகவியலார் அடிக்கடி செய்யும் ஒரு மிகையை உளவியலார் தடுத்து நிறுத்துகின்றனர். பிறந்து ஒரு நாள்கூட ஆகாத சிசுவின் கன்னத்தைப் பிறர் விரல் தொட்டால் அது வாயை அப்பக்கம் திருப்பிப் பால் தேடுகிறது. அதன் கையே அதன் கன்னத்தில் பட்டால் அவ்வளவாகத் திரும்புவதில்லை. பிலிப் ரோஷாவும் உடன் உழைத்தவரும் 1997-இல் காட்டிய இந்த வேற்றுமையின் பொருள், தொடுகின்றதும் தொடப்படுகின்றதும் ஒன்றே என்னும் உடலளவான அறிவு, எந்தக் கண்ணாடியும் வருவதற்கு முன்பே நம்மிடம் உண்டு என்பதாகும். பிறர் தருவது தானின் வித்தையன்று. அவ்வித்து தன்னைத் தானே நோக்கிக்கொள்ளும் ஆற்றலை. பிராய்டின் வழிவந்தவரோ, பிறர் தருவதையும் ஒருவன் வயதுக்கு வயது வேறுவிதமாகவே ஏற்கிறான் என்றனர். அவர்களுள் எரிக் எரிக்சன், 1950-இல் வெளியிட்ட நூலில் வாழ்வை எட்டுப் பருவமாக வகுத்து, பிள்ளைப் பருவத்தில் பெற்ற பல பிம்பங்களையும் ஒருங்கிணைத்து இதுவே நான் என்று நிலைகொள்ளும் நெருக்கடியைக் குமரப் பருவத்துக்கு உரியதாக்கினார். தம்மைப் பெற்ற தகப்பனாரை அறியாமல், மாற்றாந்தந்தையின் பெயரோடு வளர்ந்து, அமெரிக்கக் குடியுரிமை பெற்ற 1939-இல் தமக்கெனப் புதிய குடும்பப் பெயரைத் தாமே சூட்டிக்கொண்டவர் அவர் என்பதை நினைத்தால், அந்த நெருக்கடியை அவர் புத்தகத்தில் படித்து அறியவில்லை என்பது தெரியும். அவருடைய எட்டுப் படிகள் எந்நாட்டார்க்கும் பொருந்தும் என்பதை மட்டும் அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ளலாகாது.

ஏனெனில் சோதனைக் கருவியே சில வேளை ஒரு நாட்டுப் பழக்கத்தை மனித இயற்கையாகக் காட்டிவிடுகிறது. காலப்பின் சாயச் சோதனையை ஒத்த ஒன்றை மேலைநாட்டுக் குழந்தைகளிடம் செய்தவர்கள், பதினெட்டு முதல் இருபத்துநான்கு மாதத்துக்குள் குழந்தை தன்னை அறிந்துகொள்கிறது என்று கணித்தார்கள். 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், கென்யாவில் பதினெட்டு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள 82 பிள்ளைகளைக் கண்ணாடி முன் நிறுத்தியபோது, நெற்றிக் குறியைத் தாமாக எடுக்க முற்பட்டவர் ஏறத்தாழ எவருமில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்குத் தான் என்பதே தெரியாதென்று இதற்குப் பொருள் கொள்வது நகைப்புக்கிடமாகும். பெரியவர் ஒருவர் ஒட்டிய குறியை அவர் எதிரிலேயே பிய்த்தெறிவது தகுமா என்று அப்பிள்ளை திகைத்து நின்றது என்பதே பொருந்தும் விளக்கம். அதாவது, கண்ணாடியைப் பார்த்த அந்தக் கணத்திலும் அது வேறொரு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கீழ்நாட்டாருக்குத் தனிமனிதன் என்ற உணர்வே இல்லை, குடும்பமும் சாதியும்தான் உண்டு என்ற பேச்சையும் இதே எச்சரிக்கையோடு கேட்க வேண்டும். ரிச்சர்டு ஷ்வெடரும் எட்மண்ட் போர்னும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், சிகாகோவாசிகள் தமக்குத் தெரிந்த ஒருவரைப் 'பிடிவாதக்காரர்', 'நட்புடையவர்' என்று குணத்தால் வருணிக்க, ஒரிசாக்காரர்கள் 'விழாநாளில் எல்லோர்க்கும் பலகாரம் கொண்டுவந்து தருவார்' என்பதுபோல, யாரிடம் எப்போது எப்படி நடந்துகொள்வார் என்பதைக் கொண்டே பெரும்பாலும் வருணித்தனர். அதே ஆண்டில் வாலண்டைன் டேனியல், திருச்சி வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் தங்கி எழுதிய நூலில், ஊர் மண்ணின் குணம் அங்கு வாழ்வோரின் குணத்தோடு கலக்கிறது என்று அவ்வூரார் கொண்டிருந்த எண்ணத்தை விரிவாக ஆராய்ந்தார். தமிழர் எவரும் 'உனக்கு எந்த ஊர்?' என்று கேட்பதற்குக் காரணம் விலாசம் தெரிந்துகொள்வது மட்டுமன்று என்பது நமக்குத் தெரிந்ததுதான். இவற்றால் தேறுவது, தான் என்பதைப் பேசும் முறை வேறுபடுகிறது என்பது. அவர்களுக்குத் தான் இல்லை என்பதன்று. ஒரு குடும்பத்துக்குள் தன் பங்குக்காகப் பத்தாண்டு வழக்காடும் அண்ணன் தம்பியரைப் பார்த்தவர் பின்னதை ஒருகாலும் சொல்லமாட்டார்.

இனி, கூலியின் கொள்கையை நேராகவே சோதித்த ஆய்வுகளுக்கு வரலாம். ஒருவர் தம்மைப் பற்றி எண்ணுவது ஒன்று. பிறர் தம்மைப் பற்றி என்ன எண்ணுவதாக அவர் நம்புகிறார் என்பது ஒன்று. பிறர் மெய்யாகவே என்ன எண்ணுகின்றனர் என்பது ஒன்று. இம்மூன்றையும் தனித்தனியே அளந்த பல ஆய்வுகளைத் திரட்டி 1979-இல் மதிப்பிட்ட ஷ்ராகர், ஷோன்மன் என்னும் இருவர், முதலாவதும் இரண்டாவதும் நன்கு ஒத்துப்போவதையும், மூன்றாவதோடு அவ்விரண்டுக்குமுள்ள தொடர்பு மிகப் பலவீனமானது என்பதையும் கண்டனர். கூலி தோற்றாரென்று சிலர் இதைக் கொண்டாடினர். நான் அப்படி நினைக்கவில்லை. கற்பனை என்ற சொல்லைத் தம் வரையறையில் இருமுறை வைத்தவர் அவரே. முகத்துக்கு நேரே குறை சொல்லாதிருப்பதைப் பெரும்பாலான சமூகங்கள் மரியாதை என்று கற்பிக்கும்போது, பிறர் உள்ளக்கருத்து நமக்கு எட்டாமலிருப்பதில் வியப்பில்லை. ஆக, தான் என்பது பிறர் தீட்டும் சித்திரமன்று. பிறர் தீட்டுவதாக நாம் எண்ணிக்கொண்டு நாமே தீட்டுவது. அப்படியானால் அடுத்த கேள்வி, எந்தப் பிறர் என்பது.

இக்கேள்விக்கு விடை கிடைத்த இடம் அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாறு. தன்னைத் தன்னை இகழ்வோரின் கண்ணாலும் பார்த்தாக வேண்டிய இரட்டை உணர்வைப் பற்றி டபிள்யூ. இ. பி. டூபாய்ஸ் 1903-இல் வெளியிட்ட நூலிலேயே எழுதியிருந்தார். 1940-க்கு அண்மித்த ஆண்டுகளில் கென்னத் கிளார்க்கும் அவர் மனைவி மேமி கிளார்க்கும், மூன்று முதல் ஏழு வயதுக்குட்பட்ட 253 கறுப்பினக் குழந்தைகள்முன், நிறமொழிய எல்லாவற்றாலும் ஒத்த வெள்ளைப் பொம்மைகளையும் பழுப்புப் பொம்மைகளையும் வைத்து, எது விளையாடப் பிடித்தது, எது பார்க்க மோசமாக இருக்கிறது, எது உன்னைப்போல் இருக்கிறது என்று வரிசையாகக் கேட்டனர். மூன்றில் இரண்டு பங்கினர் விளையாட வெள்ளைப் பொம்மையை எடுத்தனர்; மோசமானதென்று பழுப்புப் பொம்மையைக் காட்டியவர்களுள் பலர், அடுத்த கேள்விக்கும் அதே பொம்மையைக் காட்ட நேர்ந்தது. பள்ளிகளில் நிறப்பிரிவினை சட்டவிரோதம் என்று 1954-இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பின் அடிக்குறிப்பொன்றில் கிளார்க்கின் பெயர் இடம்பெற்றது.

தீர்ப்பு நியாயமானது, அதில் இரண்டு கருத்தில்லை. ஆனால் பொம்மை ஆய்விலேயே ஒரு நெருடல் இருந்தது. பிரித்து வைத்துக் கற்பித்த தெற்கு மாநிலக் குழந்தைகளைவிட, வெள்ளையரோடு கலந்து பயின்ற வடக்குக் குழந்தைகளே வெள்ளைப் பொம்மையை அதிகமாக விரும்பினர். அதன் காரணத்தை விளக்கியவர் மாரிஸ் ரோசன்பர்க். நியூயார்க் மாநிலத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட உயர்நிலைப்பள்ளி மாணவரை ஆராய்ந்து, தன்மதிப்பை அளக்கப் பத்து வாக்கியங்கள் கொண்ட அளவுகோலை 1965-இல் வகுத்தவர் இவர். அந்த அளவுகோல் இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. ராபர்ட்டா சிம்மன்ஸோடு சேர்ந்து 1968-இல் பால்டிமோர் நகரப் பள்ளிகளில் இவர் நடத்திய ஆய்வில், கறுப்பினச் சிறுவரின் தன்மதிப்பு வெள்ளையினச் சிறுவரினதைவிடக் குறைவாக இல்லை. கொள்கைப்படி அது குறைந்திருக்க வேண்டும். நாடே அவர்களை இழிவாக நோக்கியது. ஆனால் நாடு என்பது ஒரு சிறுமியின் கண்ணாடியன்று. அவள் கண்ணாடி அவள் தாய், பாட்டி, பக்கத்து பெஞ்சுத் தோழி, தன் இனத்தவரேயான ஆசிரியை. அவர்கள் அவளை மதித்தனர். அவர்கள் மதிப்பையே அவள் மதித்தாள். தொலைவிலுள்ள வெள்ளையர் கருத்து, ஜேம்ஸுக்குக் கிரேக்க மொழிபோல, அவள் பணயம் வைக்காத துறையாயிற்று. வெள்ளையர் பெரும்பான்மையினராயிருந்த பள்ளிகளில் பயின்ற கறுப்பின மாணவரிடம் மட்டும் தன்மதிப்பு சற்றுத் தாழ்ந்திருந்தது. அங்கே கண்ணாடி கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டது. பிரிவினையே நல்லதென்று இதிலிருந்து வாதிப்பவர் புத்தியற்றவர். கூடத்தில் இடம் கொடுத்துவிட்டுக் கண்ணில் இடம் கொடாத ஒருமைப்பாடு எதைச் செய்யும் என்பதே இதனால் பெறப்படுவது.

பால்டிமோர்ச் சிறுமிக்குத் தன் கண்ணாடிகளைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு இருந்தது. அவ்வாய்ப்பையே பறித்துவிடும் இடங்கள் உண்டு என்பதை எர்விங் காஃப்மன் 1961-இல் வெளியிட்ட 'மனநோய் விடுதிகள்' என்ற நூல் காட்டியது. ஏழாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகள் இருந்த வாஷிங்டன் செயின்ட் எலிசபெத்ஸ் மருத்துவமனையில், விளையாட்டுப் பகுதி அதிகாரியின் உதவியாளர் என்ற பெயரில் 1955-இலும் 1956-இலும் அவர் நடமாடிக் குறிப்பெடுத்தார். உள்ளே வருபவனின் உடைகளும் உடைமைகளும் வாங்கப்படுகின்றன. உறக்கம், உணவு, குளியல் அனைத்தும் கூட்டத்தோடு, பிறர் குறித்த நேரத்தில். வெளியே கணவனாக, தச்சனாக, பக்கத்து வீட்டுக்காரனாக அவனைக் கண்ட கண்கள் ஒன்றும் அங்கில்லை. ஒரே கண், நோயாளி என்று காண்பது. அவன் எதிர்த்துப் பேசினால் அதுவும் நோயின் அறிகுறி என்று அதே கண் குறித்துக்கொள்கிறது. சிறையும் படைமுகாமும் மடமும் வெவ்வேறு அளவில் இதையே செய்கின்றன என்றார் காஃப்மன்.

அந்த நூலில் என்னை மிகவும் நிறுத்தி வைக்கும் பகுதி, நோயாளிகளின் சட்டைப்பையைப் பற்றியது. பூட்டி வைக்க இழுப்பறையோ பெட்டியோ தனக்கென்று இல்லாத அவ்விடுதியில், ஆண்கள் கடுங்கோடையிலும் பெரிய பைகள் வைத்த கோட்டைக் கழற்றாமல் திரிந்தனர்; பெண்கள் கைப்பையை விட்டு அகலவில்லை. சோப்பு, சவரக் கருவி, சீட்டுக்கட்டு, பழம், எழுதுபொருள், உப்பும் மிளகும் சர்க்கரையும் இட்ட சிறு டப்பிகள், சில வேளை பால் புட்டிகூட அவற்றுள் இருந்தன. புடைத்த பையைப் பார்த்தே அவர் நோயாளி என்று தூரத்திலிருந்து சொல்லிவிடலாம் என்று காஃப்மன் எழுதுகிறார். மேசையில் பூட்டும் சாவியும் உடைய மருத்துவர் தம் உப்பையும் சோப்பையும் சுமந்துகொண்டு திரியத் தேவையில்லை. தேவையுடையவன் சுமந்தால் அது பைத்தியத்தின் இலட்சணமாகத் தோன்றுகிறது. பெரிய அமைப்புகளோடு பிணைந்து நாம் ஆளாகிறோம் என்பதை காஃப்மன் மறுக்கவில்லை. அவ்வமைப்பு இழுக்கும்போது சிறிது ஒதுங்கி நின்று எதிர்ப்பதிலும் நாம் ஆளாகிறோம் என்று சேர்த்துச் சொன்னார். மீட் தம் வகுப்பில் 'நான்' என்று பெயரிட்டு, அதற்குமேல் விளக்க முடியாமல் விட்ட பகுதிக்கு உருவமும் எடையும் கொடுத்துக் காட்டிய சான்று, எனக்குத் தெரிந்தவரை, அந்த ஏழாயிரம் பேரின் பைகள்தாம்.